ஜோடி சேர்ந்தே கற்க வேண்டிய ஆட்டம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. கோவில் கொடை என்றால் நையாண்டி மேளமும் கரகமும் வந்துவிடும். முளைப்பாரி எடுத்தால் பெண்கள் சுற்றி நின்று கும்மி தட்டுவார்கள். பள்ளி ஆண்டு விழா மேடையிலும், 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழாவிலும் கோலாட்டம் இருக்கும். இவற்றுள் கோலாட்டம் ஒரு விஷயத்தில் வேறுபட்டது. கரகத்தைத் தனியாளாக ஆடலாம். கும்மியில் பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் பிந்தினாலும் நம் கைதட்டல் நம்முடையதாகவே இருக்கும். கோலாட்டத்தில் எதிரில் நிற்பவரின் கோல் அந்த இடத்துக்கு அந்தக் கணத்தில் வந்து சேராவிட்டால், நம் கோல் வெறும் காற்றைத்தான் அடிக்கும். அங்கே தட்டு என்பது இருவருக்கும் பொதுச் சொத்து. ஆனால் அதைக் கற்றுக்கொடுக்கும்போது பல இடங்களில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணி, தனித்தனியாக ஆடவைத்து, எல்லோருக்கும் மனப்பாடமான பிறகு விழாவுக்குச் சில நாள் இருக்கும்போதுதான் ஜோடி சேர்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஜோடி ஆட்டத்தில் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி, தனியாக நிற்கும் ஒருவருக்கு எட்டவே எட்டாது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் உடல் அசைவு பற்றியும் மூளை பற்றியும் நடந்த ஆய்வுகள் இதற்கு வலுவான ஆதாரம் தருகின்றன.

முதலில் ஜோடி ஆட்டங்களிலேயே வேகமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1920களில் லண்டன் நடனக்கூடங்களில் இசைக்குழுக்கள் ஃபாக்ஸ்டிராட் என்ற ஜோடி ஆட்டத்துக்கான பாட்டுகளை மேலும் மேலும் விரைவாக வாசிக்கத் தொடங்கியபோது, அந்த வேகத்துக்கென்று பிரிந்து வந்த ஆட்டம் குவிக்ஸ்டெப். பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் போன்ற ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வளர்த்த பால்ரூம் ஆட்டங்களின் உறவுக்காரன் அது. அதில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் சொல்லித்தருவது குவார்ட்டர் டர்ன் என்ற நான்கு அடி. நடத்துபவர் வலது காலை முன்வைக்க, எதிரில் இருப்பவர் இடது காலைப் பின்வைக்கிறார். அடுத்து பக்கவாட்டில் ஓர் அடி, பாதங்களைச் சேர்த்து ஓர் அடி, மறுபடி விலகி ஓர் அடி. முதலும் கடைசியும் மெதுவானவை, நடு இரண்டும் விரைவானவை. தாளம் நிமிடத்துக்குச் சுமார் 200 அடி. அப்படியென்றால் ஓர் அடிக்கு 0.3 நொடி. ஆறு தாள அடிக்குள் முடிந்துவிடும் இந்த அமைப்பு முழுவதற்கும் 1.8 நொடிதான். இப்போது மனித உடலின் எல்லையைப் பார்ப்போம். எதிர்பார்க்காத ஓர் ஒலியைக் கேட்டு விரலை அசைக்க, சுறுசுறுப்பான இளைஞருக்கும் சுமார் 150 மில்லிநொடி ஆகும். கண்ணால் பார்த்து அசைக்க 200 மில்லிநொடி. விரலுக்கே இவ்வளவு என்றால், உடல் எடையையே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்ற இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். எதிரில் இருப்பவரின் காலைப் பார்த்து, பிறகு தன் காலை வைப்பவர் ஒவ்வொரு விரைவு அடியிலும் பாதிக்கும் மேல் பிந்திவிடுவார். நல்ல ஜோடி அப்படிப் பிந்துவதில்லை. ஆகவே அவர்கள் பார்த்துச் செய்யவில்லை. அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே கணித்துச் செய்கிறார்கள்.

கோலாட்டத்தின் தாளம் குவிக்ஸ்டெப் அளவுக்கு ஓடுவதில்லை என்றாலும் இங்கேயும் கணிப்புதான் அடிப்படை. சீராக ஒலிக்கும் தாளத்துக்கு விரலால் தட்டச் சொன்னால், மனிதர்கள் ஒலிக்குப் பின்னால் அல்ல, சில பத்து மில்லிநொடி முன்னாலேயே தட்டிவிடுகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப அளக்கப்பட்ட உண்மை இது. இதைக் கேட்டதும் ஒரு மறுப்பு எழும். தவிலோ உறுமியோ ஒலிக்கும்போது இருவருமே மேளத்தைக் கணித்து ஆடினால் போதாதா, எதிரில் இருப்பவரை ஏன் கணிக்க வேண்டும்? மேளம் பக்கத்திலேயே இருந்து, இருவருடைய கணிப்பும் ஒரே அளவு முந்துமானால் போதும்தான். ஆனால் அந்த முந்தல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இசைப் பயிற்சி உள்ளவர்களுக்குக் குறைவு, புதியவர்களுக்கு அதிகம். தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ரத வீதி மாதிரி நீண்ட இடத்தில் மேளத்திலிருந்து 35 மீட்டர் தள்ளி ஆடுபவரின் காதுக்கு ஒவ்வோர் அடியும் 100 மில்லிநொடி பிந்தித்தான் வந்து சேரும். மேளத்தை மட்டும் நம்பினால் வரிசையின் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு நேரத்தில் ஆடும். எதிரில் ஒன்றரை மீட்டரில் நிற்பவரின் கோல் ஒலி வந்துசேர 5 மில்லிநொடிகூட ஆகாது. மேளம் மொத்த ஆட்டத்தின் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஒரு ஜோடிக்குள் இருக்கும் நுண்மையான பொருத்தத்தை அந்த ஜோடிதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இருக்கிறது. ஒரு தட்டில் ஒருத்தி 40 மில்லிநொடி முந்திவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அதை உணர்ந்து அடுத்த தட்டில் 40 மில்லிநொடி பொறுக்கிறாள். மற்றவளும் அதை உணர்ந்து 40 மில்லிநொடி விரைகிறாள். விளைவு, இப்போது இரண்டாமவள் 40 முந்தி நிற்கிறாள். பிழை குறையவே இல்லை, பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. இருவரும் முழு மனதோடு திருத்தியும் ஆட்டம் ஊஞ்சலாடுவது இதனால்தான். இருவருமே திருத்தாமல் அவரவர் எண்ணிக்கையில் பிடிவாதமாக இருந்தால், ஒவ்வொரு தட்டிலும் நேரும் சிறு பிசகு சேர்ந்து சேர்ந்து ஆட்டம் பிரிந்துபோகும். ஆளுக்குப் பாதி திருத்தினால் பிழை ஒரே தட்டில் மறையும். ஆளுக்குக் கால் பங்கு என்றால் 40, 20, 10 என்று தேயும். நிஜத்தில் கையும் காதும் இவ்வளவு துல்லியமானவை அல்ல என்பதால், மிதமான திருத்தமே சிறந்தது. 2010ல் இவானா கொன்வாலிங்காவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இருவர் ஒருவர் தட்டுவதை மற்றவர் காதில் கேட்டபடி தட்டினார்கள். ஒருவர் முன்னோடி, மற்றவர் பின்தொடர்பவர் என்ற பிரிவு உருவாகும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். உருவாகவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரின் முந்தைய தட்டைப் பின்பற்றினார்கள். இருவருமே பின்தொடர்பவர்கள், முன்னோடி என்று ஒருவரும் இல்லை. மெர்லே ஃபேர்ஹர்ஸ்ட் முதலியோர் 2013ல் கணினித் துணை ஒன்றோடு மனிதர்களைத் தட்டவைத்தபோது, கணினி மிதமாக விட்டுக்கொடுத்தால் பொருத்தம் கூடியது. அளவுக்கு மீறி விட்டுக்கொடுத்தால் கெட்டது. சங்கரன்கோவில் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்ற இரு நாகங்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காட, கோமதி அம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே திருமேனியில் காண்கிறாள். ஜோடி ஆட்டத்தில் யார் பெரியவர் என்ற கேள்விக்கும் ஆய்வுக்கூடம் கண்ட விடை இதை ஒட்டித்தான் இருக்கிறது. மூளை கற்றுக்கொள்வது, ‘எவ்வளவு விட்டுக்கொடுப்பது’ என்ற அளவை. எதிரில் ஆள் இல்லாமல் அந்த அளவைப் பழக வழியே இல்லை.

பிழையின் அளவு மூளைக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் கோல் அங்கே வெறும் அலங்காரமல்ல. இரு கோல்களும் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நெருங்குகின்றன என்று கொள்வோம். ஒருத்தி 40 மில்லிநொடி முந்தினால், கோல்கள் இருவருக்கும் நடுவே சந்திக்காமல் மற்றவள் பக்கமாக 4 சென்டிமீட்டர் தள்ளிச் சந்திக்கும். முந்தியவளின் கை நடுக்கோட்டைத் தாண்டி நீளும். பிந்தியவளின் கை மடங்கியே நிற்கும். ஆக ஒவ்வொரு தட்டும் இருவர் மணிக்கட்டுக்கும், காதுக்கும், கண்ணுக்கும் ஒரே நேரத்தில் ‘யார், எவ்வளவு’ என்று சொல்லிவிடுகிறது. மதிப்பெண் போட ஆசிரியர் தேவையில்லை. தொடுதலின் வலிமையை ஆய்வுகள் வியக்கத்தக்க அளவில் காட்டியிருக்கின்றன. 1994ல் ஜான் ஜெக்கா, ஜேம்ஸ் லாக்னர் இருவரும், அசையாத ஒரு பரப்பை விரல் நுனியால் ஒரு நியூட்டனுக்கும் குறைந்த விசையில், அதாவது 100 கிராம் எடைகூட இல்லாத அழுத்தத்தில், தொட்டாலே நிற்பவரின் தள்ளாட்டம் வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். அந்த அழுத்தம் உடலைத் தாங்கிப் பிடிக்கப் போதாது. செய்தி சொல்ல மட்டுமே போதும். பால்ரூம் ஆட்டத்தில் கைப்பிடியின் வேலையும் அதுவே. ஜோடி நடன அனுபவம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் கைகோத்து அடிவைக்கச் செய்த 2017 ஆய்வு ஒன்றில், கைகளுக்கிடையே இருந்த விசை 10 முதல் 30 நியூட்டன்தான். ஒன்று முதல் மூன்று கிலோ எடை அளவு. இழுத்துச் செல்ல அது போதாது, சேதி சொல்ல ஏராளம். கைல் ரீட் குழுவினர் 2006ல் செய்த சோதனை இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே கைப்பிடித் தண்டின் இரு முனைகளைப் பிடித்துக் குறியை நோக்கித் திருப்பியவர்கள், தனியாகச் செய்ததைவிட விரைவாகச் செய்தார்கள். ஆனால் கேட்டபோது, கூட இருந்தவர் தடையாகத்தான் இருந்தார் என்று பலர் சொன்னார்கள். முதல் நாள் பயிற்சியில் ‘இவளோடு ஆடினால் எனக்கு வரமாட்டேங்குது டீச்சர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டாளி உதவும்போதும் இடைஞ்சலாகத் தோன்றுவது மனித இயல்பு.

தனிப்பயிற்சி நேரடியாகவே தீங்கு செய்யும் இடமும் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு எதிரில் நின்று ஆசிரியர் ஆடிக்காட்டும்போது, சிறுவர்கள் கண்ணாடியைப் பார்ப்பது போலச் செய்வார்கள். அவர் வலக்கையைத் தூக்கினால் இவர்கள் இடக்கையைத் தூக்குவார்கள். இளம் வயதில் இது இயல்பு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. குவிக்ஸ்டெப்பில் வலது காலுக்கு எதிரே இடது கால் வருவதால் இந்த இயல்பே துணை நிற்கும். கோலாட்டத்தில் பல தட்டுகள் வலக்கோலுக்கு வலக்கோல், இடக்கோலுக்கு இடக்கோல் என்று குறுக்காகப் போகின்றன. கண்ணாடிப் பிம்பத்தில் இந்த உறவு கிடைக்காது. ஒருவரை நிலைக்குத்து அச்சில் அரைவட்டம் சுழற்றினால் மற்றவர் கிடைப்பார். அந்த உறவு அது. ஆசிரியரைப் பார்த்துத் தனியாகப் பழகிய பிள்ளை ஒன்று கண்ணாடி உறவைப் பழகிவிடுகிறது, அல்லது அதைத் தவிர்க்க ஆசிரியர் முதுகைக் காட்டி ஆட, எதிரில் ஆள் இருக்கும் உணர்வே இல்லாமல் பழகுகிறது. இரண்டையும் பிறகு மறக்கவைக்க வேண்டியிருக்கும். இருவர் எதிரெதிரே நின்று முதல் தட்டை மிக மெதுவாகத் தட்டிப் பார்த்தால், எந்தக் கை என்ற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும், ஏனெனில் தவறான கை தவறான கோலில்தான் போய் முட்டும். கண்ணால் பார்ப்பது மட்டுமே இரு உடல்களை எப்படிப் பிணைக்கிறது என்பதற்கு 1990ல் வெளியான ஷ்மிட், கரெல்லோ, டர்வி மூவரின் ஆய்வு நல்ல சான்று. உட்கார்ந்தபடி காலை ஆட்டிய இருவரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எதிர்த்திசையில் ஆட்டச் சொல்லி, வேகத்தைக் கூட்டினார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் தம்மையறியாமல் இருவரும் ஒரே திசைக்கு மாறிவிட்டார்கள். ஒரே மனிதரின் இரு ஆட்காட்டி விரல்களிலும் இதே மாற்றம் நடப்பதை ஸ்காட் கெல்சோ அதற்கு முன்பே காட்டியிருந்தார். ஒரே உடலுக்குள் இரு விரலுக்கு உள்ள விதி, இரு உடலுக்கும் பொருந்துகிறது. ஜோடியை ஓர் அலகாக எண்ணுவது கவிதைப் பேச்சு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். அடியே தெரியாத இருவரைச் சேர்த்துவிட்டால் ஒருவர் பிழை மற்றவரைக் குழப்பாதா? முதலில் அவரவர் பாகத்தை உறுதியாகக் கற்றால்தானே சேர்ந்தபின் கவனம் மற்றவர் மீது போகும்? இதில் உண்மை இருக்கிறது. எந்தக் கால் முதலில், எத்தனை தட்டுக்கு ஒரு திருப்பம் என்ற வரிசை தெரியாமல் கணிப்பு ஏதும் சாத்தியமில்லை. அந்த வரிசையைச் சொல்லிக்கொடுக்கச் சில நிமிடத் தனிப்பயிற்சி வேண்டியதுதான். என் எதிர்ப்பு, அது வாரக்கணக்கில் நீளுவதற்குத்தான். மரீ ரகெர்ட், டிம் ஷ்ரோடர், பீட்டர் கெல்லர் மூவரும் 2013ல் பியானோ ஜோடிகளிடம் கண்டது இங்கே முக்கியம். எதிரில் வாசிப்பவரின் பாகத்தையும் முன்பே தனியாகப் பழகி வந்தவர்கள், பழகாதவர்களைவிடத் தொடக்கத்தில் பொருத்தம் குறைவாக வாசித்தார்கள். மற்றவரின் பாகத்தைத் தம் கையால், தம் போக்கில் வாசித்துப் பழகியதால், அவர் வாசிக்கப்போவதைக் கணிக்காமல் ‘நான் வாசித்தால் எப்படி’ என்பதையே கணித்தார்கள். உடல் அசைவின் பொருத்தம் என்னவோ பாகம் தெரிந்தவர்களுக்கே கூடியிருந்தது. ஆகவே மற்றவர் பாகத்தை அறிவது வீணல்ல. ஆனால் நுண்நேரத்தைத் தனியாகப் பழகினால், எதிரில் நிற்கும் உண்மையான மனிதருக்குப் பதிலாக ஒரு கற்பனைக் கூட்டாளியோடு ஆடப் பழகிவிடுகிறோம். தனியாக மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஜோடி சேர்த்ததும் ‘வீட்டில் நன்றாக வந்தது’ என்று திகைப்பதற்கு இது ஒரு காரணம்.

தனியாகப் பழகிப் பயனில்லை என்பது பின்னல் கோலாட்டத்தில் கண்ணுக்கே தெரியும். மேலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, பாதிப் பேர் ஒரு திசையிலும் மீதிப் பேர் எதிர்த்திசையிலும் சுற்றி, ஒருவருக்கு உள்ளே, அடுத்தவருக்கு வெளியே என்று மாறி மாறிப் புகுந்து வந்தால் கயிறு பின்னலாகும். பிரிக்க வேண்டுமானால் கடைசியில் போட்ட முடிச்சிலிருந்து ஒவ்வொரு கடப்பையும் தலைகீழ் வரிசையில் செய்தாக வேண்டும். கணிதத்தில் பின்னல்களுக்கென்று தனி இயலே இருக்கிறது. எமில் ஆர்ட்டின் 1925ல் வகுத்த அந்த இயலிலும், ஒரு பின்னலின் நேர்மாறு என்பது அதே கடப்புகளைத் திருப்பிப் போடுவதுதான். இந்த ஆட்டத்தில் ‘என் பாகம்’ என்று தனியாகச் சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஒருத்தி செய்வது உள்ளே போவதா வெளியே போவதா என்பதே எதிரில் வருபவளைப் பொறுத்துத்தான் பொருள்படுகிறது. ஒரே ஓரிடத்தில் இருவர் பிசகினால் பின்னல் அதற்கு மேல் பிரியாமல் நிற்கும். இதை வரிசையில் நின்று காற்றில் பழகுவது எப்படி?

குவிக்ஸ்டெப் போன்ற ஆட்டங்களில் நடத்துபவர், தொடர்பவர் என்ற பாத்திரங்கள் விதியிலேயே இருக்கின்றனவே, அது இருவரும் விட்டுக்கொடுக்கும் வாதத்தை உடைக்காதா என்று கேட்கலாம். அங்கே நடத்துபவர் முடிவு செய்வது அடுத்து எந்த அமைப்பு, எந்தப் பக்கம் என்பதைத்தான். நுண்நேரமும் எடையும் அங்கேயும் இருவழிப் பாதைதான். 2018ல் லியா ஷோவின்யே, மிஷெல் பெலிக், ஸ்டீவன் பிரவுன் மூவரும் கைகோத்து அசையும் இருவரில் ஒருவரை மூளைப் படக் கருவிக்குள் வைத்து ஆராய்ந்தபோது, நடத்தும்போது அசைவைத் திட்டமிடும் பகுதிகளும், தொடரும்போது தொடுதலையும் மற்றவரையும் உணரும் பகுதிகளும் கூடுதலாக இயங்கின. தொடர்வது சும்மா இழுபட்டுப் போவதல்ல, தனித்திறன். ஆகவே அதையும் தனியே இருந்து கற்க முடியாது. விரல் தட்டுவதை வைத்து ஆட்டத்தைப் பேசலாமா என்ற மறுப்பும் நியாயமானதே. பரிசோதனைக்கூடத்தில் வியர்வை இல்லை, பார்வையாளர் இல்லை, பாட்டு இல்லை. இருந்தாலும் ஆட்டக்காரர்கள் நன்கு அறிந்த ஒன்றை அந்தக் கூடம் அப்படியே காட்டியிருக்கிறது. 2017ல் ஒகானோ முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் தாளக்கருவி இல்லாமல் இருவரைச் சேர்ந்து தட்டவைத்தபோது, தனியாகத் தட்டுவதைவிட வேகம் கூடிக்கொண்டே போனது. மேளம் பிடிக்காமல் விட்ட கோலாட்டம் ஓடத் தொடங்குவதும் இதே காரணத்தால்தான். பயிற்சியிலும் தவிலோ, ஒரு கைத்தாளமோ கூடவே இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

இந்த ஆதாரங்களை ஏற்றால் பள்ளி மைதானத்தில் செய்ய வேண்டிய மாற்றம் சிறியது. வரிசையை வாயால் சொல்லி ஓரிரு முறை காட்டியதும் உடனே எதிரெதிரே நிறுத்தி, பாதி வேகத்தில் முதல் தட்டைத் தட்டவிடலாம். கை பழகப் பழக வேகத்தைக் கூட்டலாம். சில சுற்றுக்கு ஒருமுறை ஜோடியை மாற்றலாம். ஒவ்வொரு புதிய கூட்டாளியிடமும் விட்டுக்கொடுக்கும் அளவு வேறு என்பதை மூளை பழகிக்கொள்ளும். வட்டத்தில் நகர்ந்து அடுத்தவரைச் சந்திக்கும் கோலாட்ட அமைப்புகள் இந்த மாற்றத்தைத் தாமாகவே செய்துவிடுகின்றன. வகுப்பில் பிள்ளைகள் ஒற்றைப்படையாக இருக்கும் நாளில்தான் கவனம் வேண்டும். மிஞ்சிய பிள்ளையை ஓரமாக நிறுத்திக் காற்றில் தட்டச் சொல்வதே எளிது. ஆனால் அந்தப் பிள்ளையின் கோலில் எதிர்க்கோல் மோதுவதில்லை. முந்தியதா பிந்தியதா என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. அன்று ஆசிரியரே இரண்டு கோலை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு எதிரில் நிற்க வேண்டும்.